பிடியரிசி தண்டிய மாமியின் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

காலையில் பத்திரிகை வந்ததும் நான் முதலில் திருப்புவது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். எங்கள் வயதில் யாழ்ப்பாணத்தில் பலருக்கும் இதே பழக்கம் இருக்கிறது, தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றச் செய்திகளுக்குப் போவோம். கடந்த மாசி மாதம் ஒருநாள் அந்தப் பக்கத்தில் எங்கள் ஊர் மாமியின் படம் இருந்தது. பிறந்த இடம், வாழ்ந்த இடம், இன்னாரின் அன்பு மகள், காலஞ்சென்ற இன்னாரின் பாசமிகு மனைவி, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளின் பாசமிகு தாயார், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள், கிரியை எத்தனை மணிக்கு, தகனம் எந்த மயானத்தில். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஐம்பது வருடமாக அந்த மனுசி ஊருக்கு என்ன செய்தார் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை. வீட்டுக்காரர் எழுதிக் கொடுப்பதைத்தான் நீங்கள் போடுகிறீர்கள், அந்த அறிவித்தலுக்கு என்று ஒரு வடிவமும் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் வரும், அதிலாவது இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்வெட்டும் வந்தது. நல்ல வழுவழுப்பான தாளில் தேவாரம், திருவாசகம், வம்சாவளி, பேரப்பிள்ளைகளின் புலம்பல் என்று எல்லாம் இருந்தது, பொறுமையின் சிகரம் என்றும் பாசத்தின் உறைவிடம் என்றும் பாட்டும் இருந்தது. எந்தத் தாய்க்கும் அந்தப் பாட்டு பொருந்தும். முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம்வரை இரண்டு தரம் வாசித்தேன், பிடியரிசி என்ற சொல்லை எங்கும் காணவில்லை. அன்றைக்கே இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

மாமியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அம்மா விளம்பரம் விரும்பமாட்டா என்று பிள்ளைகள் சொன்னார்கள், அது உண்மையும்கூட. சின்னன், பெரிசு, ஐயர், விதானையார் என்று வித்தியாசம் இல்லாமல் ஊரே அவரை மாமி என்றுதான் கூப்பிட்டது. தென்மராட்சியில், மட்டுவிலுக்குக் கிட்ட எங்கள் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் என்று எழுதினாலும் நான் அங்கே பிறந்தவள் அல்ல. வலிகாமத்தில் பிறந்தவள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி பின்னேரம், எல்லோரும் வலிகாமத்தை விட்டு வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கி கட்டி அறிவித்துக்கொண்டு போனபோது எனக்கு 23 வயது. அன்றிரவு செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் நடந்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மழை, இருட்டு, ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு ஒரு அடி வைப்பதும் நிற்பதும், தவறவிட்ட பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி அப்பா தள்ளினார், நான் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தேன். கைதடி தாண்டும்போது நன்றாக விடிந்து வெயிலும் வந்துவிட்டது. கால் போன பக்கம் போய் ஒரு வளவின் படலையடியில் நின்றோம். உள்ளே யாரையும் தெரியாது. கிணற்றடியில் இருந்து ஈரத்தலையோடு ஒரு அம்மா வந்தார். யார், எவர், எந்த ஊர் என்று ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளை, ஆச்சியை முதல்ல விறாந்தையில படுக்க வையுங்கோ, கஞ்சி அடுப்பில கிடக்கு" என்றார்.

கந்தசஷ்டி வந்துபோன நாட்கள் அவை. ஆறு நாளும் வெறும் மிளகும் தண்ணீருமாக இருந்த உடம்பு என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று அவர் வளவில் பதினொரு குடும்பம் சேர்ந்தது. மாமரத்தின் கீழும், மாட்டுக் கொட்டிலிலும், நெல்லு வைக்கிற அறையிலும் இருந்தோம். மாமியிடம் மூன்று சாக்கு அரிசி இருந்தது, இரண்டு நாளில் முடிந்தது. பிறகு அயலுக்குள் போய்த் தண்டிக்கொண்டு வந்தார். கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை, ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் விட்டு ஒரு விளக்கு, அந்த வெளிச்சத்தில் மறுநாள் எத்தனை பேருக்கு எத்தனை சுண்டு அரிசி அளப்பது என்று அவர் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த மூன்று சாக்கு அரிசியும் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அது பிடியரிசி. இன்றைய பிள்ளைகள் பலருக்கு இந்தச் சொல் தெரியாது. சமையலுக்கு அரிசி அளந்து எடுத்ததும் அதில் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து வேறு பாத்திரத்தில் போட்டு வைப்பது, அவ்வளவுதான். ஒரு வீட்டில் ஒரு பிடி குறைந்தால் யாருக்கும் வயிறு காயாது. கோவிலுக்கும் மடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்று இப்படிக் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். மாமி புருசனை இழந்தபோது மூத்த பிள்ளைக்கே பத்து வயது ஆகவில்லை. அதற்கு அடுத்த வருடம் ஊரில் நாற்பது வீட்டுக்குப் பழைய பால்மா ரின் ஒவ்வொன்று கொடுத்து, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கு வெள்ளி, கோவில் காலைப் பூசை முடிந்ததும் தலையில் கடகத்தோடு வந்து ரின்னைக் கவிழ்த்துக்கொண்டு போவார். கடைசி இரண்டு வருடம் முழங்கால் முடியாமல் போனபோது ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் காசு வாங்காமல் கூட்டிக்கொண்டு திரிந்தார்.

நான் 1997 இல் அந்த ஊருக்கே மருமகளாக வந்த பிறகுதான் இந்த வேலையின் உள்விசயம் தெரிந்தது. நாற்பது வீட்டு அரிசி என்றால் நாற்பது விதம். ஒரு வீட்டில் குத்தரிசி, ஒரு வீட்டில் சம்பா, இன்னொரு வீட்டில் பச்சை, நிவாரணத்துக்கு வந்த வெள்ளை அரிசி, போன வருட நெல்லுக் குத்தினது, வண்டு விழுந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி உலையில் போட்டால் ஒன்று குழையும், ஒன்று கல்லுமாதிரி நிற்கும். அதனால் கடகத்துக்குள் மாமி மூன்று சீலைப் பை வைத்திருப்பார், வீட்டு வாசலிலேயே பார்த்துப் பிரித்துப் போட்டுக்கொள்வார். சிவப்புப் புழுங்கல் ஒன்று, வெள்ளைப் புழுங்கல் ஒன்று, பச்சை ஒன்று. எப்படியும் கலந்துபோனதைச் சோறாக்கவே மாட்டார். அது சித்திராபௌர்ணமிக் கஞ்சிக்கும், இடித்து மாவாக்கி மோதகத்துக்கும் கொழுக்கட்டைக்கும் போகும். "இல்லாதவைக்குக் குடுக்கிறதெண்டு குழைஞ்ச சோறு குடுக்கக் கூடாது பிள்ளை" என்று சுளகில் புடைத்துக்கொண்டே சொல்வார். அவர் புடைத்த அரிசியில் ஒரு கல் கடிபட்டதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பக்தியில் அவர் மிகக் கடும் ஆள். நாலு மணிக்கு எழும்பி, தண்ணீர் வார்த்து, செவ்வரத்தை, நந்தியாவட்டை, பொன்னலரி என்று பூ ஆய்ந்து, கோவில் திறக்க முன்னரே வாசலில் நிற்பார். கேதார கௌரி விரதம் 21 நாள், பிள்ளையார் பெருங்கதை 21 நாள், ஆவணி ஞாயிறு, பங்குனித் திங்கள் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்கல், ஒன்றும் தவறாது. பெருங்கதை நாட்களில் பெண்களை இருத்திப் பிள்ளையார் கதையை அவர்தான் வாசிப்பார். படித்தது ஐந்தாம் வகுப்பு, கோவிலில் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்வதைச் சின்ன வயதில் இருந்து தூணோடு இருந்து கேட்டுக் கேட்டே பாதி அவருக்கு வாய்ப்பாடம். வெள்ளிக்கிழமை மச்சம் சமைத்த வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார், அதை முகத்துக்கு நேரே சொல்லியும் விடுவார். சோற்றை எறிந்தால் எறிந்தவர் யாராக இருந்தாலும் பேச்சு விழும். அவர் எல்லோரோடும் இனிமையாக இருந்தார் என்று நான் எழுதினால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இப்போது எழுதப்போவதை எழுதலாமோ என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். எங்கள் ஊர்களில் அன்னதானப் பந்தியில் யார் உள்ளே இருப்பது, யார் வெளி மதிலோடு இருப்பது என்று ஒரு கணக்கு இருந்தது நம் எல்லோருக்கும் தெரியும். மாமி அந்தக் கணக்கோடு வளர்ந்தவர்தான். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் எல்லோரையும் விடவேண்டும் என்று 1968 இல் போராட்டம் நடந்தபோது தான் தடுத்தவர்களின் பக்கம் நின்றுதான் கதைத்ததாக அவரே ஒருமுறை என்னிடம் சொன்னார். தன் தாய்வீட்டுக் குசினிப் பின்சுவரில் வேலைக்கு வருகிறவர்களுக்கு என்று சிரட்டை கொழுவியிருந்ததையும் சொன்னார். மா அரித்துக்கொண்டிருந்தோம். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கை ஓடாமல் இருந்தார்.

1995 இல் அந்தப் பதினொரு குடும்பமும் ஒரே பந்தியில் இருந்தது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அயலில் இருந்து வந்த பெரியவர் ஒருவர் படலையில் நின்று, வந்தவர்கள் யார் எவர் என்று விசாரித்துப் பிரித்து இருத்துவதுதான் முறை என்றார். மாமி அகப்பையைக் கீழே வைக்காமலே சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "நான் கேக்கமாட்டன் அண்ணை. கேக்கிறதெண்டால் உங்கட வளவில வைச்சுக் கேளுங்கோ." அடுத்த வருடம் சித்திரை, வைகாசியில் நாங்கள் வலிகாமம் திரும்பிய பிறகு கோவிலடியில் பழைய கணக்கு மெல்லத் திரும்பி வரப் பார்த்ததாம். மாமி சண்டை பிடிக்கவில்லை. அந்த வருடத்தில் இருந்து பிடியரிசிக் கஞ்சியைக் கோவில் மடத்தில் காய்ச்சாமல் தன் வளவில் காய்ச்சினார். யார் வந்தாலும் ஒரே பாய், ஒரே பாத்திரம். கஞ்சி எங்கேயோ அங்கேதானே சனம் போகும், நாலைந்து வருடத்தில் மடத்துக்காரரே வந்து திரும்பவும் மடத்திலேயே காய்ச்சச் சொல்லிக் கேட்டார்கள், ஒரே பந்தி என்று ஒப்புக்கொண்டபிறகுதான் போனார். இதற்கு மேடை போட்டு ஒருவரும் பேசவில்லை, பத்திரிகையிலும் வரவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பந்தி அப்படித்தான் மாறியது.

2000 ஆம் ஆண்டு ஆனையிறவு முகாம் விழுந்த பிறகு சண்டை தென்மராட்சிக்குள் வந்தபோது முறை மாறியது. இம்முறை மாமியும் நாங்களும் ஓடிவந்து வலிகாமத்தில் என் அப்பா வீட்டு விறாந்தையில் இருந்தோம். ஒரு பைக்குள் இரண்டு சீலை, சுவாமிப் படம், கொப்பி. வந்து மூன்றாம் நாள் அப்பா வீட்டு அயலில் பால்மா ரின் கேட்டுத் திரிந்தார். திரும்பிப் போனபோது சாவகச்சேரி நகரம் கற்குவியலாக இருந்தது, எங்கள் ஊரில் வட்டு இல்லாத பனைகள், வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் மிதிவெடிப் பலகை. மாமியின் வீட்டில் நிமிர்ந்து நின்றது கிணற்றுக்கட்டு ஒன்றுதான். 2020 ஊரடங்கிலும், 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல், காஸ் இல்லாமல், பால்மா இல்லாமல் இருந்தபோதும் எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் உலை வைக்காமல் விடவில்லை என்றால் அது அந்த ரின்களால்தான்.

சரி, இனிக் கோவில் விசயம். போருக்குப் பிறகு வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசில் கோவில் திருப்பணி நடந்தது. நல்ல விசயம், கொடுத்த ஒவ்வொருவருக்கும் நன்றி. உள்வீதிச் சுவரில் மாபிள் கல்லில் உபயகாரர் பெயர் வெட்டியிருக்கிறார்கள், பெயர், நாடு, தொகை. மாமி தன் கையில் கிடந்த ஒரு சோடி காப்பைக் கழற்றிக் கொடுத்தார், அது கணக்கறிக்கையில் "அன்பர் ஒருவர்" என்று வந்தது. பிடியரிசி வருடாவருடம் அறிக்கையில் ஒரு வரியாக வரும்: "பிடியரிசி வரவு". அந்த ஒரு வரிக்கு ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமை நடை இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பொதுக்கூட்டத்தில் எழும்பி, பரிபாலன சபைக்கு மாமியைப் போடுங்கள் என்று நான் கேட்டேன். பெண்களுக்குத் துடக்கு நாட்கள் வரும், கோவில் நிர்வாகம் சரிவராது என்றார்கள். எழுபது வயது மனுசிக்கு! அவரோ பக்கத்தில் இருந்து என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோவிலைத் தலைவராக இருந்து நடத்தியவர் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி என்ற பெண்தானே. 1925 இல் பிறந்து 2008 இல் மறையும்வரை அவர் கட்டியெழுப்பியதைப் போய்ப் பாருங்கள், கோவிலும் வளர்ந்தது, ஆதரவில்லாத பெண்பிள்ளைகளுக்குத் துர்க்காபுரம் மகளிர் இல்லமும் எழும்பியது. அம்மன் ஒன்றும் கோபிக்கவில்லையே. அவர் பெரிய பேச்சாளர், படித்தவர், அதனால் அவரைப் பற்றி எழுத ஆட்கள் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்து, பேச்சு மேடை ஏறாமல், அடுப்படியிலும் ஒழுங்கையிலுமே வாழ்ந்து முடித்தவர்களைப் பற்றி யார் எழுதுவது? 1870களின் பஞ்சத்தில் ஆறுமுக நாவலர் பெருமான் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியதைப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள், படிக்கத்தான் வேண்டும். அந்தக் கஞ்சிக்கு அரிசி களைந்து அடுப்பு ஊதிய பெண்களில் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

ஆகவே ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இதுதான். ஞாயிறு இதழில் கால் பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு மாமி, ஒரு ஆச்சி, ஒரு பெரியம்மா இருப்பார், கோவில் கூட்டுகிறவர், செத்தவீட்டுக்கு முதல் ஆளாக ஓடுகிறவர், பிள்ளைப்பேற்று வீட்டுக்குச் சரக்கு அரைத்துக் கொடுக்கிறவர். அவர்களைத் தெரிந்தவர்கள் எழுதட்டும். உயிரோடு இருக்கும்போதே எழுதினால் இன்னும் நல்லது. அறிவித்தல் கொடுக்கிற வீட்டுக்காரரும் மருமக்களின் பெயருக்குப் பிறகு இரண்டு வரி, அம்மா ஊருக்கு என்ன செய்தா என்று சேர்த்துக் கொடுங்கள், அதற்கு ஆகிற செலவு பெரிதில்லை.

மாமியின் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. சீ.ஆர். கொப்பி, மூலைகள் எண்ணெய் பிடித்துக் கறுத்துப்போய். இடப்பக்கம் தந்தவர்கள், பெயர் முழுதாக இருக்கிறது. வலப்பக்கம் வாங்குகிறவர்கள். அந்தப் பக்கத்தில் ஒரு மனிசப் பெயரும் இல்லை, எல்லாம் பூவின் பெயர். செவ்வரத்தை 4 சுண்டு. நந்தியாவட்டை 2 சுண்டு, குழந்தைக்குப் பால்மா. அலரி, கொப்பியும் சப்பாத்தும். கொப்பி யார் கையில் பட்டாலும் யார் வாங்கினார்கள் என்று தெரியக்கூடாது என்று அப்படி எழுதியிருக்கிறார். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்த எனக்கே அவர் சொல்லவில்லை.

மாமி போன பிறகு ஐந்து வெள்ளி ஒருவரும் ரின் கவிழ்க்கப் போகவில்லை. ஆறாவது வெள்ளி நான் கடகத்தை எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் ஒன்பது வீடு, இப்போது இருபத்தாறு. பூக்களில் அநேகமானவரைக் கண்டுபிடித்துவிட்டேன், சிலர் தாங்களாகவே பின்வாசலால் வந்து சொன்னார்கள். பொன்னலரி மட்டும் யார் என்று இன்னும் தெரியவில்லை. கிழமைக்கு மூன்று சுண்டு சிவப்புப் புழுங்கல் என்று கொப்பியில் இருக்கிறது. அதை வேறு பையில் கட்டிக் குசினி வாசலில் கொழுவி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்மராட்சி.